20 பேர் வேலையா, 6 பேர் வேலையா? வெளிநாட்டுக்காரனுக்கு வேலை செய்தா கம்பனிக்கு அறிவு சேருமா?

கல்லடிப்பாலம் | வெள்ளி இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஒரு முடிவெடுக்க ஏலாமக் கிடக்கன்.

கல்லடியில வீட்டு மேல்மாடியில சின்னக் கம்பனி ஒண்டு நடத்துறன். 11 பேர். அஞ்சு வருசமா உள்ளூர்க் கடைகளுக்கு வெப்சைற், ரெண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள், இதுதான் சோறு போட்டது. இப்ப ஒரே மாசத்தில ரெண்டு வெளிநாட்டு வேலை வந்து நிக்குது.

முதலாவது இங்கிலாந்தில ஒரு கணக்காளர் கம்பனி. 20 பேர் கேக்கிறாங்க. இஞ்சயிருந்து அவங்கட கொம்பியூட்டருக்குள்ள போய்ப் பில்லுகளைப் பதியிற வேலை. கொப்பி பண்ண ஏலா, பிரிண்ட் எடுக்க ஏலா. ரெண்டு வருச ஒப்பந்தம், காசு மாசம் பிந்தாது எண்டு விசாரிச்சதில தெரிஞ்சுது. ஒரு வரி மட்டும் கண்ணக் குத்துது: வேலைக்கிடையில நாங்க எழுதுற குறிப்பு, உண்டாக்கிற முறை எல்லாம் அவங்களுக்கே சொந்தம்.

ரெண்டாவது நோர்வேயில மீன் பண்ணைகளுக்கு மென்பொருள் செய்யிற சின்னக் கம்பனி. 6 பேர் போதுமாம். மாச வருமானம் முதலாவதின்ர பாதியும் வராது, ஒப்பந்தமும் ஒரு வருசம்தான். ஆனா அவங்கட எஞ்சினியர் ஒராள் மூண்டு மாசம் மட்டக்களப்பில வந்திருந்து எங்கட பொடியளோட வேலை செய்வார். எங்கட ரெண்டு பேர் அங்க ஒரு மாசம் போகலாம்.

மச்சான் முதலாவத எடு எண்டுறார். நான் ரெண்டாவது, ஏனெண்டா அதில படிக்கலாம் எண்டு சொல்லுறன். "படிச்சு? அந்தப் படிப்பக் கொண்டுபோய் வங்கியில வைக்க ஏலுமா?" எண்டு கேக்கிறார். பதில் வரல்ல. அதான் இஞ்ச வந்தன்.

பழையபோடியார் | வெள்ளி இரவு 9.48

தம்பி, குறை நினைக்காதீங்க. உங்கட மச்சான் சொல்றதுதான் சரி.

"வெளிநாட்டுக்காரனோட வேலை செய்தா அறிவு வரும்" எண்ட கதைய நான் கனகாலமாக் கேக்கன். எங்கட வயல் கதை தெரியும்தானே. போடியாருக்குக் காணி, அதில இறங்கி வேலை செய்யிற முல்லைக்காரனுக்குக் கைப்பக்குவம். எந்த வரவைக்குள்ள, அதான் வயல் துண்டுக்குள்ள, தண்ணி நிக்கும், எந்த மூலையில அறக்கொட்டிப் பூச்சி முதல்ல விழும், எல்லாம் முல்லைக்காரன்ர தலைக்குள்ள. போடியார் வரம்பில குடையப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். காணி யாருக்குக் கூடினது?

1992ல பிரேமதாச காலத்தில 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. ஊரூரா மெசின் ஓடினது. எந்த நாடு எவ்வளவு உடுப்பு அனுப்பலாம் எண்டு அளவு வச்சிருந்த கோட்டா முறை 2004 முடியப் போனது. மறுகா சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் எத்தினை இழுத்து மூடினாங்க? பத்து வருசத்துக்கு மேல அமெரிக்காவுக்குத் தச்ச ஆக்களுக்குப் பட்டன் எங்க வைக்கிற எண்டு தெரியும். அந்தச் சட்டைய அங்க யார் வாங்கிறான், என்ன விலைக்கு வாங்கிறான் எண்டு தெரியாது. அறிவு எண்டு நீங்க சொல்றது அவன் காட்டின பக்கம் மட்டும்தான். காட்டாத பக்கத்திலதான் காசு.

வந்தாறுமூலை | வெள்ளி இரவு 10.31

போடியார் ஐயா சொன்ன அதே தையல் தொழிலிலிருந்தே எதிர் உதாரணம் தருகிறேன்.

1970களின் கடைசியில் பங்களாதேசத்தின் தேஷ் கார்மன்ட்ஸ், தென்கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. டேவூவுக்கு இதில் தருமம் எதுவுமில்லை. கோட்டாவால் கொரியாவின் ஏற்றுமதிக்குக் கை கட்டப்பட்டிருந்தது, பங்களாதேசத்துக்கு அந்தக் கட்டு அப்போது இல்லை. தேஷ் தன் ஆட்கள் 130 பேரைப் பூசானுக்கு அனுப்பியது. அந்தக் கொரிய நகரில் ஆறு மாதம். தையல் மட்டுமல்ல, தரம் பார்ப்பது, லைன் நடத்துவது, வாங்குபவனோடு பேசுவது எல்லாம் பழகினார்கள். வரி கட்டாமல் துணியை இறக்கி வைக்கும் பிணைக் களஞ்சியம், கையில் உள்ள ஏற்றுமதி நாணயக் கடிதத்தை (வாங்குபவனுடைய வங்கி பணத்துக்குத் தரும் உறுதி) காட்டியே துணிக்கு இன்னொரு நாணயக் கடிதம் திறப்பது போன்ற ஏற்பாடுகளும் அந்தத் தொடர்பின் வழியேதான் அங்கே வேரூன்றின. ஒன்றிரண்டு வருடத்தில் தேஷ் டேவூவின் கையை விட்டுத் தானே நடந்தது. இன்று உலகத்துக்கு ஆடை தைக்கும் முன்னணி நாடுகளில் பங்களாதேசமும் ஒன்று.

முல்லைக்காரன் உவமை அழகானது, ஆனால் முல்லைக்காரனை யாரும் பூசானுக்கு அனுப்பவில்லை.

பழையபோடியார் | வெள்ளி இரவு 10.50

> தேஷ் தன் ஆட்கள் 130 பேரைப் பூசானுக்கு அனுப்பியது.

கதைய அரைவாசியில நிப்பாட்டிப்போட்டீங்களே! அந்த 130 பேரில 115 பேர் 80களில தேஷை விட்டுப் போனாங்க. சொந்தமாத் தொடங்கினான், வேற கம்பனிக்குப் போனான். நாடு படிச்சது, சரி. கம்பனி? செலவழிச்சது தேஷ், விளைஞ்சது அடுத்தவன்ர வரவைக்குள்ள. தம்பி நாட்டுக்காகக் கம்பனி நடத்துறாரா, சம்பளம் குடுக்க நடத்துறாரா?

செங்கலடிச்சந்தி | வெள்ளி இரவு 11.02

மில்லேனியம் ஐ.டி.ய மறந்துபோனீங்களா? 1996ல தொடங்கின நம்மட நாட்டுக் கம்பனி. 2009ல லண்டன் பங்குச் சந்தையே அத 30 மில்லியன் டொலருக்கு வாங்கினது. கல்லடியில இருந்தும் ஒருநாள் வரும் கா 😀

வந்தாறுமூலை | வெள்ளி இரவு 11.09

அது பங்குச் சந்தைக்கான மென்பொருளைத் தானே செய்து விற்ற நிறுவனம். இங்கே கேள்வி, அடுத்தவன் சொல்லும் வேலையைச் செய்து கொடுக்கும் நிறுவனத்துக்கு அறிவு சேருமா என்பது. இரண்டையும் ஒரே சாக்கில் கட்ட வேண்டாம்.

ஊசிமுனை | சனி காலை 6.20

காலையில எழும்பிப் பாத்தா பங்களாதேசம் வரைக்கும் போய் வந்திட்டீங்க. நான் நம்மட மாவட்டத்தில ஒரு கார்மன்ட்ஸில 14 வருசம் இருந்தவ. பேர் வேணாம்.

மெசினில ஊசி முறிஞ்சா கையத் தூக்கோணும். முறிஞ்ச துண்டெல்லாம் தேடி எடுத்து, கொப்பியில டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில நேரம், மெசின் நம்பர், என்ர கையெழுத்து. துண்டுகள் சேந்து முழு ஊசியா வந்தாத்தான் புது ஊசி தருவாங்க. நுனி கிடைக்கல்லயா, அந்தக் கட்டுத் துணி முழுக்க மெட்டல் டிடெக்டருக்குள்ள போகும். ரார்கெட் அடிக்கிற நேரத்தில இது பெரிய பைத்தியகார வேலை எண்டு நினைப்பம். சிலபேர் பழைய ஊசித் துண்டைத் தலைமுடிக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பாளுகள், நுனி காணாட்டி அத ஒட்ட.

ஒருநாள் வாங்கிற கம்பனியில இருந்து ஒரு பொம்பிள வந்தா. தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. எங்கட லைன்ல தச்ச குழந்தைச் சட்டை ஒண்ட எடுத்து, உள்பக்கம் வெளிய வாறமாதிரிப் பிரட்டி, கழுத்துத் தையலத் தன்ர கன்னத்தில வச்சு மெல்லமா இழுத்துக் காட்டினா. மறுகா என்ர கன்னத்தில வச்சா. அவ்வளவுதான். அண்டைக்குப் பிறகு முடிக்குள்ள ஊசி வச்சவளை நான் காணல்ல.

விதி மூண்டு வருசமாச் சுவரில ஒட்டிக் கிடந்தது. விளங்கினது அண்டைக்குத்தான். இப்ப வீட்டில ஏழு மெசின் போட்டுப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறம். ஊசிக் கொப்பி இப்பயும் இரிக்கு.

போடியார் ஐயா சொன்னதிலயும் உண்மை இரிக்கு. விலை போடுற தாளை 14 வருசத்தில ஒருதரம் கண்டதில்ல. துணி, நூல், லேபல் எல்லாம் அவங்களே அனுப்பினாங்க, வெட்டித் தச்சு அனுப்பினது மட்டும்தான் நாங்க. அதால தைக்கத் தெரியும், துணி வாங்கத் தெரியாது. முதல் வருசம் கொழும்புக் கடைக்காரன் என்னை நல்லா மொட்டையடிச்சான்.

கணக்குப்புள்ள | சனி காலை 8.05

கல்லடித் தம்பி, உங்கட முதலாவது வேலை மாதிரியே ஒண்டில நான் ஆறு வருசம் இருந்தன், கொழும்பில. அதே இங்கிலாந்துக் கணக்கு, அதே கொப்பி பண்ண ஏலாத திரை. அதில படிக்க ஒண்டும் இல்லை எண்டு நினைக்காதீங்க. ஆனா உள்ளுக்கு என்ன நடக்கும் எண்டு சொல்லுறன்.

எங்களுக்கு ஒரு பேக்கரியின்ர விற்பனைக் கணக்கு வந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் வற், அதான் விற்பனையில போடுற வரி, அதின்ர குறி போடோணும். வரி பூச்சியம் எண்டா ரி0, 20 வீதம் எண்டா ரி1. கையில ஒரு பட்டியல் தந்தாங்க. பட்டியலில இருந்தாப் போடு, இல்லாட்டி மேல அனுப்பு. மேல அனுப்பினா அடுத்த நாள் பதில் வரும்: "ரி1". அவ்வளவுதான். ஏன் எண்டு வராது. எட்டு மாசம் இப்பிடிப் போனது. ஒருநாளைக்கு 30, 40 கேள்வி மேல போகும். அங்க இருந்தவவுக்கும் விசர் பிடிச்சிரிக்கும், ஒருநாள் போன்ல வந்தா.

அங்க கேக்குக்கு வரி இல்லை. பிஸ்கட்டுக்கும் இல்லை. சொக்லேட் பூசின பிஸ்கட்டுக்கு மட்டும் வரி. சொக்லேட் பூசின கேக்குக்கு இல்லை! ஜஃபா கேக் எண்ட சாமான் கேக்கா பிஸ்கட்டா எண்டு வழக்கே நடந்திருக்கு, 1991ல. அந்த வழக்கில பாத்த பல விசயத்தில ஒண்டு, வச்சிருந்தா அது காஞ்சு இறுகுதா, நமத்துப் போகுதா எண்டது. கேக் இறுகும், பிஸ்கட் நமக்கும். அதால அது கேக். எல்லாத்தையும் சிரிச்சுச் சிரிச்சுப் பத்து நிமிசத்தில சொன்னா. அதுக்குப் பிறகு கிழமைக்கு ரெண்டு கேள்விகூட மேல போகல்ல.

நான் ஒரு ரூல் கொப்பியில எல்லாம் எழுதி வச்சன். எங்கட புதுப் புள்ளைகள் அதப் பாத்துத்தான் வேலை பழகினாங்க. விலகிற அண்டைக்கு வாசலில காவல்காரர் கொப்பிய வாங்கி வச்சிட்டார். உங்கட ஒப்பந்தத்தில கண்ணக் குத்துற அதே வரிதான். அந்தக் கொப்பிய யாரும் பிறகு திறந்திருப்பாங்க எண்டு நான் நம்பல்ல.

மருதமுனைத்தறி | சனி காலை 9.40

ராத்தா சொன்ன "ஏன் எண்டு வராது" எங்கட கதைதான்.

எங்கட வாப்பா காலத்தில சாயம் கண்மதிப்பு. ஒரு பிடி, ரெண்டு பிடி. கொழும்பு ஏஜன்ட் ஒராள் மூலமா வெளிநாட்டு ஓடர் கிடைச்சிச்சு, மேசை விரிப்பு. ஒரு நிற அட்டை வந்திச்சு, இந்த நீலம்தான் வேணும் என்டு. அந்த அட்டைக்காகத்தான் வீட்டுக்குத் தராசு வாங்கினம். உப்பு எவ்வளவு, சோடா எவ்வளவு, தண்ணிச் சூடு எவ்வளவு என்டு எழுதப் பழகினம். அது லாபம்தான், மறுக்க ஏலா.

ஆனா மூண்டாம் தடவை அனுப்பினதில பாதி திரும்பிட்டு. ரிஜெக்ட். ஏன் என்டு ஏஜன்ட்டுக்கிட்ட கேட்டா "சரியில்லையாம்" என்கிறார். நிறமா, அளவா, ஓரமா? தெரியா. வாங்கினவன்ட நம்பரக் கேட்டா தரமாட்டார், தந்தா அவரத் தாண்டிப் போயிடுவமாம். மறுகா ஓடரும் இல்ல. இண்டைக்கும் அந்த விரிப்பு அலுமாரிக்குள்ள இரிக்கி. எடுத்து எடுத்துப் பாக்கன், பிழை என்னண்டு விளங்கல்ல.

ஒஸ்லோப்பனி | சனி பிற்பகல் 4.15

மற்றப் பக்கத்திலயிருந்து ஒரு சொல். நானும் இங்க மீன் பண்ணை மென்பொருளோடதான் மாரடிக்கிறன் (நீங்கள் சொல்ற கம்பனி எங்கட இல்லை). வேலை குடுக்கிற ஆள் நான்.

நாங்கள் சில விசயம் வேணுமெண்டுதான் மறைக்கிறம். அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. தாய்வானில ஏசர் கம்பனி மற்றவைக்குக் கொம்பியூட்டர் செய்து குடுத்துக்கொண்டே தன்ர பேரிலயும் வித்தது. "எங்கட வேலையைச் செய்யிறவனே எங்களுக்குப் போட்டியா?" எண்டு வாங்கிறவைக்கு நெஞ்சிடி. கடைசியில 2000ஆம் ஆண்டளவில செய்து குடுக்கிற பக்கத்தைப் பிரிச்சு விஸ்ட்ரோன் எண்டு தனியா விட வேண்டி வந்தது. அப்பிடிப்பட்ட பயம் எங்களுக்கும் இருக்கு.

ஆனால் மறைக்கிறதை விடக் கூட, எங்களுக்கே சொல்லத் தெரியாதது. ஒருக்கா 40 பக்கத்தில விவரம் எழுதி உங்கட நாட்டு ரீம் ஒண்டுக்கு அனுப்பினன். கூட்டில இருக்கிற மீனின்ர எடை நேற்றையை விடக் குறைஞ்சால் "பிழை" எண்டு காட்டச் சொல்லி எழுதியிருந்தது. ஒரு பொடியன் கேட்டான்: "அண்ணை, தீன் பூச்சியம் எண்டு பதிவாகிற நாளிலும் இது பிழைதானோ?" நான் திகைச்சுப்போனன். அறுவடைக்கு முன்னம் சில நாள் தீன் நிப்பாட்டுவம், குடல் வெறுமையாக வேணும். இங்க அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதால 40 பக்கத்தில ஒருதரும் எழுதேல்லை. அவன் கேட்டிராட்டில் அறுவடைக் காலம் முழுக்கத் திரையில சிவப்பு விளக்குத்தான்.

வேலை எடுக்கிறவன் கேள்வி கேக்கேக்கதான் எங்கட வாயிலயிருந்து விசயம் வெளியில வரும். "யெஸ் சேர்" எண்டு செய்து அனுப்பிற ரீமுக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லிக்குடுக்கிறது? மூண்டு மாசம் எஞ்சினியர் வந்திருந்தாலும் பொடியள் வாய் திறக்காட்டில் அவர் பாசிக்குடாவில குளிச்சிட்டுத்தான் திரும்பி வருவார்.

வந்தாறுமூலை | சனி மாலை 6.00

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். நமக்கு முன்கூட்டியே ஓரளவு தெரிந்தால்தான் கேள்வி கேட்கவே வரும். உள்வாங்கும் திறன் பற்றி 1990இல் கோகன், லெவிந்தால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியதன் சாரமும் இதுதான். அந்தப் பொடியனுக்குத் தீனும் எடையும் தெரிந்திருக்கிறது, வீட்டில் யாராவது இறால் வளர்த்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

பழையபோடியார் | சனி இரவு 7.22

எல்லாம் நல்ல கதை. ஒண்டக் கவனிச்சீங்களா? ஊசிக்காரத் தங்கச்சி படிச்சது தங்கச்சியோட வந்திட்டு. கணக்குப்புள்ள படிச்சது கணக்குப்புள்ளயோட வந்திட்டு. அந்தக் கம்பனிகளில என்ன மிச்சம்? நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

கல்லடிப்பாலம் | சனி இரவு 8.15

ஐயா கேட்டதுதான் எனக்கும் பயம். நோர்வே போற ரெண்டு பேரிட்டயும் மூண்டு வருசம் விலகமாட்டம் எண்டு எழுதி வாங்கினா என்ன? விலகினா டிக்கெட் காசு, செலவு எல்லாம் திருப்பித் தரோணும் எண்டு?

ஊசிமுனை | சனி இரவு 8.21

வாங்குங்க. மறுகா ரெண்டு பேரும் மூண்டு வருசம் வாயப் பொத்திக்கொண்டு இரிப்பாங்க, நாலாம் வருசம் முதல் நாளே போவாங்க. எனக்கும் அப்பிடி ஒரு கடதாசி நீட்டினவங்க. கையெழுத்தப் போட்டன். புதுசா வந்த ஒருத்திக்கும் ஒண்டும் சொல்லிக்குடுக்கல்ல. என்னத்துக்குச் சொல்லோணும்?

கணக்குப்புள்ள | சனி இரவு 9.03

ஊசி அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. போடியார் ஐயாவுக்கும் சேத்துச் சொல்லுறன்: எங்கட கொப்பி இருந்தவரை, நான் லீவில நிண்டாலும் வேலை ஓடினது. அதுதானே கம்பனிக்கு மிச்சம். அத வாசலில பறிச்சது யார்? காவல்காரர் இல்லை, ஒப்பந்தத்தில அந்த வரிக்குத் தலையாட்டின எங்கட ஆக்கள்.

தம்பி, பெரிய வேலை சின்ன வேலை எண்டு பாக்காதீங்க. ரெண்டு பேரிட்டயும் ஒரே மூண்டு விசயத்தக் கேளுங்க. பிழை எண்டு திருப்பினா காரணம் எழுதி அனுப்புவாங்களா? கிழமைக்கு அரை மணித்தியாலம் வேலை செய்யிற புள்ளைகளோட நேர பேச ஆள் தருவாங்களா, உங்களோட இல்லை, புள்ளைகளோட? எழுதின குறிப்பு உங்கட அலுவலகத்தில கிடக்க விடுவாங்களா?

பழையபோடியார் | சனி இரவு 9.30

கேளுங்க. கேக்கிறதுக்குக் காசில்லை. ஆனா வெள்ளைக்காரன் ஒப்பந்தத்தில ஒரு சொல்லையும் மாத்தமாட்டான். பாப்பம்.

கல்லடிப்பாலம் | ஆறு கிழமைக்குப் பிறகு, திங்கள் இரவு 10.40

பழைய இழையக் கிளறுறதுக்கு மன்னிக்கோணும். முடிவச் சொல்லாமப் போனாக் கணக்குப்புள்ள அக்கா ஏசுவா.

நோர்வேக்காரர் மூண்டுக்கும் ஓம் எண்டாங்க. ஆனா அவங்கட பக்கத்தில காசு இறுக்கமாம், தை மாசத்துக்குத் தள்ளிப்போட்டாங்க. அதுவரைக்கும் நான் என்னத்தச் சாப்பிடுற? இங்கிலாந்துக்காரரோட பேசினன். காரணம் எழுதி அனுப்பிறத்துக்கு ஓம். பேச்சு கிழமைக்கு ஒருக்கா ஏலா, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. குறிப்பு? சொந்தம் அவங்களுக்குத்தான், ஒரு சொல்லும் மாறல்ல (போடியார் ஐயா சிரிக்கலாம்). ஆனா ஒப்பந்தம் நடக்கிற வரைக்கும் எங்கட அலுவலகத்துக்குள்ள வச்சிருக்கலாமாம். 20 பேரெல்லாம் வேணாம் எண்டு 12 பேரோட தொடங்கிட்டன். மச்சான் முகத்த நீட்டிக்கொண்டு திரியிறார்.

முதல் கிழமை 31 பதிவு திரும்பினது. 22க்குக் காரணம் எழுதியிருந்தது. 9 வெறுமை. வெறுமையானத அப்பிடியே திருப்பி அனுப்பி, காரணம் வந்தாத்தான் திருத்துவம் எண்டு எழுதினன். இன்னும் பதில் இல்லை. எங்கட புள்ளைகள் ரெண்டு நாளா அந்த ஒன்பதையும் வச்சு மண்டையப் போட்டு உடைக்கிறாளுகள்.

கணக்குப்புள்ள | திங்கள் இரவு 10.52

என்ன சாமான் அது?

கல்லடிப்பாலம் | திங்கள் இரவு 10.55

பேக்கரிதான் அக்கா. இஞ்சி போட்ட பிஸ்கட், மனிசன் உருவத்தில. ஒரே பேர், ஒரே விலை. ஒரு கடையில ரி0, மற்றக் கடையில ரி1 எண்டுறாங்க. படம் ரெண்டையும் பாத்தம், ஒரே மாதிரித்தான் கிடக்கு.

கணக்குப்புள்ள | திங்கள் இரவு 10.57

வடிவாப் பாருங்க. கண்ணுக்கு ரெண்டு சொட்டுச் சொக்லேட் மட்டும் எண்டா ரி0. சட்டைப் பட்டனும் சொக்லேட்டில வச்சிருந்தா ரி1.

கல்லடிப்பாலம் | திங்கள் இரவு 11.10

ரி1 கடை மனிசனுக்குப் பட்டன் இரிக்கு. மூண்டு.

அக்கா, நீங்க இப்ப எங்க வேலை செய்யிறீங்க?